முதல் மாரத்தானுக்கு இன்னும் ஒன்பது நாள்: படபடப்பையும் கடைசி ஆயத்தங்களையும் எப்படிக் கையாள்வது?

கேள்வி

அனைவருக்கும் வணக்கம்.

என் முதல் முழு மாரத்தானுக்கு இன்னும் ஒன்பது நாட்களே இருக்கின்றன. பதினெட்டு வாரப் பயிற்சித் திட்டம் ஒன்றைப் பின்பற்றி வருகிறேன். நடுவில் காய்ச்சலால் ஒரு வாரம் தவறிப்போனதைத் தவிர, பெரும்பாலும் விடாமல் ஓடியிருக்கிறேன். பதினொரு நாட்களுக்கு முன் ஓடிய 32 கிலோமீட்டர்தான் இதுவரை நான் ஓடியவற்றில் மிக அதிகத் தொலைவு. அன்று கடைசி மூன்று கிலோமீட்டர் பெரும்பாடாகிவிட்டது, ஆனாலும் நிற்கவில்லை.

திட்டப்படி ஓட்டத்தைக் குறைக்கத் தொடங்கிய நாளிலிருந்துதான் என் நிம்மதி போய்விட்டது. நாற்பது நிமிடம் மெதுவாக ஓடினாலே கால் கனக்கிறது. பதினைந்து வாரங்களில் ஒருமுறைகூட வலிக்காத இடது முழங்கால், மாடிப்படி இறங்கும்போது சுரீர் என்கிறது. மறுநாள் அந்த வலி கணுக்காலுக்குப் போய்விடுகிறது. தொடக்கக் கோட்டுக்கு வழி தெரியாமல் வெறுங்காலோடு அலைவதாக இரவில் கனவு வருகிறது. 32 கிலோமீட்டருக்கே நாக்குத் தள்ளியவளால் அதற்கு மேலும் பத்துக் கிலோமீட்டர் எப்படி ஓட முடியும் என்ற கேள்வி, வேலை செய்யும்போதும் விடாமல் குடைகிறது.

இந்த வார இறுதியில் 25 கிலோமீட்டர் ஓடிப் பார்த்தால் நம்பிக்கை திரும்புமா? முந்தைய இரண்டு நாட்களில் எவ்வளவு சாப்பிட வேண்டும், எவ்வளவு தண்ணீர் குடிக்க வேண்டும்? அன்றைய காலைப் படபடப்பை நீங்களெல்லாம் எப்படிச் சமாளிக்கிறீர்கள்? ஐந்து மணி நேரத்துக்குள் முடித்துவிட்டால் எனக்குப் போதும்.

மறுமொழி 1

25 கிலோமீட்டர் வேண்டாம். உடனே பதில் சொல்ல வேண்டிய கேள்வி இது ஒன்றுதான் என்பதால் இதை முதலில் எழுதுகிறேன். இன்று ஓடும் நெடுந்தொலைவின் பலன் உடலில் சேர ஏறத்தாழ இரண்டு வாரம் பிடிக்கும். அதன் களைப்போ மறுநாள் காலையிலேயே வந்து உட்கார்ந்துகொள்ளும். என் இரண்டாவது மாரத்தானுக்கு எட்டு நாள் முன்பு, உங்களைப் போலவே மனம் கேட்காமல், யாரிடமும் சொல்லாமல் 28 கிலோமீட்டர் ஓடினேன். அன்று மாலை எனக்கிருந்த தெம்பு அதற்கு முன்னும் பின்னும் இருந்ததில்லை. எட்டாம் நாள், 24ஆவது கிலோமீட்டரிலேயே தொடை இறுகிப் போய், மீதி வழியில் பாதியை நடந்துதான் கடந்தேன்.

கடைசி இரண்டு மூன்று வாரங்களில் வாரத் தொலைவை ஏறத்தாழப் பாதியாகக் குறைப்பதும், ஆனால் ஓடும் நாட்களையும் வேகத்தையும் பெரிதாக மாற்றாமல் வைத்திருப்பதும்தான் டேப்பர் என்று நாம் சொல்வதன் சாரம். ஆகவே வீட்டிலேயே முடங்கிவிட வேண்டாம். மாரத்தான் வேகத்தில் ஐந்தாறு கிலோமீட்டரை ஒருநாள் ஓடுங்கள்; மற்ற நாட்களில் அரைமணி நேரம், முக்கால் மணி நேரம் மெதுவாக ஓடினால் போதும். கால் கனப்பதற்கு உடலியல் காரணமும் உண்டு. ஓட்டம் குறைந்து உணவு அதே அளவில் இருக்கும்போது தசைகள் கிளைகோஜனை, அதாவது மாவுச்சத்திலிருந்து கிடைக்கும் எரிபொருளை, சேமிக்கின்றன; ஒவ்வொரு கிராம் கிளைகோஜனும் தன்னுடன் ஏறத்தாழ மூன்று கிராம் நீரையும் பிடித்து வைத்துக்கொள்கிறது. எடை ஒரு கிலோ கூடியிருந்தாலும் கலங்காதீர்கள். 30 கிலோமீட்டருக்கு அப்பால் அந்தச் சேமிப்புதான் உங்களைச் சுமக்கும்.

முழங்கால் வலியைப் பொறுத்தவரை எனக்கு நானே வைத்துக்கொண்டிருக்கும் அளவுகோல் இது: ஒரே இடத்தில் நிலைத்து, ஓட ஓடக் கூடி, நடையையே கோணலாக்கும் வலி என்றால் உடனே பிசியோதெரபிஸ்ட்டிடம் காட்ட வேண்டும். நேற்று முழங்காலிலும் இன்று கணுக்காலிலும் குடியேறும் வலி, பெரும்பாலும் வேலையில்லாத மனம் உடம்பைத் துழாவிக் கண்டெடுக்கும் வலி. ஓட்டத்தைக் குறைக்கும் வாரங்களில் இது எங்களில் பலருக்கும் வந்து போயிருக்கிறது.

அந்த 32 கிலோமீட்டரை நீங்கள் எந்தக் கால்களோடு ஓடினீர்கள் என்பதையும் எண்ணிப் பாருங்கள். பயிற்சியின் மிகக் கடினமான வாரத்தின் முடிவில், முந்தைய நாட்களின் களைப்பு முழுவதையும் சுமந்துகொண்டு ஓடியிருப்பீர்கள். மூன்று வார ஓய்வுக்குப் பின் வரப்போவது வேறு கால்கள். முதல்முறை ஓடுபவர்களுக்கான திட்டங்கள் பெரும்பாலும் 42 கிலோமீட்டரைப் பயிற்சியில் ஓடச் சொல்லாததற்கும் அந்தக் களைப்பே காரணம்.

இனி படபடப்பு. நெஞ்சு அடித்துக்கொள்வது, உள்ளங்கை வியர்ப்பது, வயிற்றைக் கலக்குவது எல்லாம் அட்ரினலின் வேலை. ஓடுவதற்கு உடல் தன்னைத் தயார்ப்படுத்துவதும் அதே வழியில்தான். 2014இல் ஹார்வர்டில் நடந்த ஆய்வு ஒன்றில், பிறர் முன் பாடுவதற்கும் பேசுவதற்கும் முன்னால் ‘அமைதியாக இரு’ என்று தம்மை அடக்க முயன்றவர்களைவிட, ‘எனக்கு உற்சாகமாக இருக்கிறது’ என்று சொல்லிக்கொண்டவர்கள் நன்றாகச் செய்தார்கள். அது ஓட்டம் பற்றியது அல்ல என்றாலும், தொடக்கக் கோட்டில் எனக்குப் பயன்பட்டிருக்கிறது. மூச்சை நான்கு எண்ணும் வரை இழுத்து ஆறு எண்ணும் வரை மெல்ல விடுவதும் உதவும். வெளிமூச்சு நீளும்போது இதயத் துடிப்பு தணிகிறது.

ஆனால் படபடப்பு மனத்தைவிடக் கைகளில்தான் அதிகம் கெடுதல் செய்யும் என்பது என் அனுபவம். என் முதல் மாரத்தானில், இருட்டு விலகாத அந்த நேரத்தில், ஷூ நாடாவை நான்கு முறை அவிழ்த்துக் கட்டினேன். ஒவ்வொரு முறையும் முன்னதைவிடச் சற்று இறுக்கமாக. பன்னிரண்டாவது கிலோமீட்டரில் வலது பாதத்தின் மேற்பகுதி மரத்துப்போய்விட்டது. சாலையோரம் உட்கார்ந்து அவிழ்த்தபோது, காலுறையின் மேல் நாடா அழுந்திய தடம் ஏணிப்படிபோல் வரிவரியாகப் பதிந்திருந்தது. அன்றிலிருந்து கைகளுக்கான வேலை எல்லாவற்றையும் முந்தைய நாள் பிற்பகலிலேயே முடித்துவிடுகிறேன். ஓடப்போகும் சட்டையிலேயே எண் அட்டையை நான்கு ஊக்குகளால் குத்திவிடுவேன். பின்புறத்தில் நேரம் பதியும் சிப் இருந்தால் அது மடங்காமல் பார்த்துக்கொள்வேன். ஓடும்போது விழுங்கும் மாவுச்சத்துக் கூழான ஜெல்களை எடுக்கும் வரிசையில் இடுப்புப் பட்டையில் செருகி வைப்பேன். அக்குளிலும் தொடையிடுக்கிலும் தடவ வேண்டிய வாஸ்லினைச் சட்டையின் மேலேயே வைத்துவிடுவேன். கால் நகங்களை மட்டும் நான்கைந்து நாட்கள் முன்னதாகவே வெட்டிவிடுங்கள். முந்தைய இரவு வெட்டி, விரல் ஓரம் காயப்பட்டு வந்த ஒருவரை எனக்குத் தெரியும். ஷூ, காலுறை, உள்ளாடை எதுவுமே அன்று புதிதாக இருக்கக் கூடாது.

மறுமொழி 2

நான் மருத்துவர், நெடுந்தொலைவு ஓட்டங்களின் முதலுதவிக் கூடாரங்களில் சில ஆண்டுகள் பணிபுரிந்திருக்கிறேன். மேலே சொல்லப்பட்டதோடு எனக்கு உடன்பாடுதான். நீங்கள் கேட்ட உணவு, தண்ணீர் பற்றி மட்டும் எழுதுகிறேன்.

கடைசி ஒன்றரை, இரண்டு நாட்களில் உடல் எடையின் ஒவ்வொரு கிலோவுக்கும் நாளொன்றுக்கு 10 முதல் 12 கிராம் மாவுச்சத்து என்பது விளையாட்டு உணவியல் வழிகாட்டுதல்கள் தரும் அளவு. 60 கிலோ எடையுள்ளவருக்கு அது 600 கிராமுக்குக் குறையாது. ஒரே வேளையில் வயிறு புடைக்கத் தின்று இதை எட்ட முடியாது. எட்ட முயன்றவர்கள்தான் மறுநாள் கழிப்பறை வரிசையில் நிற்கிறார்கள். கொழுப்பையும் நார்ச்சத்தையும் குறைத்து அந்த இடத்தை மாவுச்சத்துக்குக் கொடுங்கள். பலவேளையாகப் பிரித்துச் சாப்பிடுங்கள். எட்டவில்லை என்றால் வருந்த வேண்டாம். ஓட்டத்தன்று மூன்று மணி நேரம் முன்னதாக, நீண்ட பயிற்சி ஓட்டங்களுக்கு முன் எதைச் சாப்பிட்டீர்களோ அதையே சாப்பிடுங்கள். ஓட்டத்தின்போது மணிக்கு 30 முதல் 60 கிராம் மாவுச்சத்து தேவைப்படும். ஒரு ஜெல்லில் பொதுவாக 20 முதல் 25 கிராம் இருப்பதால், அரைமணி நேரத்துக்கு அல்லது நாற்பது நிமிடத்துக்கு ஒன்று என்பது சரியான கணக்கு. களைப்பு தெரிந்த பின் எடுக்கலாம் என்று காத்திருந்தால் காலம் கடந்திருக்கும்.

தண்ணீர் குறைந்துவிடுமோ என்று எல்லோரும் அஞ்சுகிறார்கள். அது மிகுந்துவிடுமோ என்று அஞ்சுபவர்கள் குறைவு. மிகுந்தால் இரத்தத்திலுள்ள சோடியம் என்ற உப்புச்சத்து நீர்த்துப்போகும். 2002ஆம் ஆண்டு பாஸ்டன் மாரத்தானில் 488 பேரின் இரத்தத்தைச் சோதித்தபோது, அவர்களில் 13 விழுக்காட்டினருக்குச் சோடியம் அளவு இயல்புக்குக் கீழே இறங்கியிருந்தது. ஓடி முடித்தபோது எடை கூடியிருந்தவர்களுக்கும், நான்கு மணி நேரத்துக்கு மேல் ஓடியவர்களுக்கும் இந்த ஆபத்து அதிகமாக இருந்தது. ஐந்து மணி நேரம் ஓடப்போகும் நீங்கள் அந்தக் கூட்டத்தைச் சேர்ந்தவர். வேகம் குறைவு, வியர்வையும் குறைவு. ஆனால் நீர் வழங்கும் ஒவ்வொரு மேசையிலும் நின்று இரண்டு குவளை குடிக்க நேரம் இருக்கிறது. தாகம் எடுத்தால் குடியுங்கள். படபடப்பைத் தணிப்பதற்காகக் குடிக்காதீர்கள். முந்தைய நாள் முழுவதும் பாட்டிலும் கையுமாக இருக்கவும் தேவையில்லை. சிறுநீர் வெளிர்மஞ்சளாக இருந்தால் போதும்.

முழங்கால் வலிக்குப் பயந்து ஐபுப்ரோஃபென் போன்ற வலி மாத்திரையை முன்கூட்டியே விழுங்கிவிட்டு ஓடாதீர்கள். நீண்ட ஓட்டத்தில் சிறுநீரகத்துக்குப் போகும் இரத்தம் ஏற்கெனவே குறைந்திருக்கும். அந்த மாத்திரை அதை இன்னும் குறைக்கும், வயிற்றையும் புண்ணாக்கும். இந்த ஒன்பது நாட்களுக்குள் மீண்டும் காய்ச்சல் வந்தால் ஓட வேண்டாம். ஓடும்போது நெஞ்சுவலியோ தலைசுற்றலோ வந்தால் முதலுதவிக் கூடாரம் வரும்வரைகூடக் காத்திருக்காமல் அங்கேயே நின்று உதவி கேளுங்கள்.

மறுமொழி 3

மூச்சை எண்ணுவதெல்லாம் எனக்கு ஒத்துவருவதில்லை. எண்ணத் தொடங்கினாலே நெஞ்சு இன்னும் வேகமாக அடித்துக்கொள்ளும். கூட்டத்திலிருந்து விலகிப் பத்து நிமிடம் நடப்பேன், அவ்வளவுதான். முந்தைய இரவு தூக்கம் வராது. அதை எதிர்த்துப் போராடாதீர்கள். ஓர் இரவு தூக்கம் கெட்டதால் மட்டும் உடலின் ஓடும் திறன் பெரிதாகக் குறைந்துவிடாது. அதற்கு முந்தைய சில இரவுகளில் நன்றாக உறங்கியிருந்தால் போதும், அன்று விளக்கை அணைத்துவிட்டுச் சும்மா படுத்திருங்கள்.

வயிற்றைக் கலக்குவதை எண்ணி வெட்கப்படவும் வேண்டாம். 2005ஆம் ஆண்டு லண்டன் மாரத்தானில் பிரிட்டனின் பாலா ராட்கிளிஃப் வழியில் சாலையோரமே ஒதுங்கிவிட்டு, பிறகு ஓடி 2 மணி 17 நிமிடம் 42 விநாடியில் பெண்கள் பிரிவில் முதலிடம் பெற்றார். நம்மைப் போன்றவர்கள் ஒருமணி நேரம் முன்னதாகவே போய், கழிப்பறையை விட்டு வெளியே வந்ததும் மீண்டும் அதே வரிசையின் கடைசியில் நின்றுகொள்வது நல்லது. முறை வருவதற்குள் மறுபடியும் தேவைப்படும்.

கேள்வி கேட்டவர்

மூவருக்கும் மிக்க நன்றி. 25 கிலோமீட்டர் எண்ணத்தைக் கைவிட்டுவிட்டேன். முதல் மறுமொழி எழுதியவரின் நாடாக் கதையைப் படித்த பிறகு, என் ஷூவை எடுத்து நாடாவை இப்போதே சரியான இறுக்கத்தில் கட்டி, அவிழ்க்காமல் கால் நுழையுமா என்று பார்த்தேன், நுழையவில்லை. இன்னும் ஒன்று கேட்க வேண்டும். கடைசிப் பத்துக் கிலோமீட்டரில் எப்படியும் தளர்ந்துவிடுவேன் என்று தெரிகிறது. அப்படியானால் கால்கள் புதிதாக இருக்கும் முதல் பாதியில் சற்று வேகமாக ஓடி, ஐந்தாறு நிமிடத்தை மிச்சம் பிடித்து வைத்துக்கொள்வது புத்திசாலித்தனம்தானே?

மறுமொழி 1

அப்படி மிச்சம் பிடிக்கும் ஐந்து நிமிடத்துக்குக் கடைசியில் பதினைந்து நிமிடம் வட்டி கட்ட வேண்டியிருக்கும். வேகம் கூடக் கூட உடல் கொழுப்பைவிடக் கிளைகோஜனை அதிக விகிதத்தில் எரிக்கும். 35ஆவது கிலோமீட்டரில் தேவைப்படுவதைப் பத்தாவதிலேயே செலவழித்துவிடுவீர்கள். 2018இல் பெர்லினில் கென்ய வீரர் எலியுட் கிப்சோகே மாரத்தான் உலகச் சாதனை படைத்தபோது முதல் பாதிக்கு 61 நிமிடம் 6 விநாடியும் இரண்டாம் பாதிக்கு 60 நிமிடம் 33 விநாடியும் எடுத்துக்கொண்டார். 2023இல் சிகாகோவில் அந்தச் சாதனையை மேலும் முன்னேற்றிய கென்ய வீரர் கெல்வின் கிப்டமும் இரண்டாம் பாதியையே வேகமாக ஓடினார். தொடக்கத்தில் படபடப்பும் கூட்டமும் சேர்ந்து நம்மைத் தள்ளும். அந்த வேகம் சுலபமாக இருப்பதுபோல் தோன்றுவதுதான் அதிலுள்ள கண்ணி.

42.195 கிலோமீட்டரை ஐந்து மணி நேரத்தில் கடக்கக் கிலோமீட்டருக்கு 7 நிமிடம் 6 விநாடி. ஆனால் கைக்கடிகாரம் காட்டும் வேகத்தை அப்படியே நம்பிவிடாதீர்கள். பாதையை அளப்பவர்கள் வளைவுகளின் உள்ளோரமாக மிகக் குறுகிய கோட்டில் அளக்கிறார்கள். தொலைவு குறைந்துவிடக் கூடாது என்று ஆயிரத்தில் ஒரு பங்கை, அதாவது ஏறத்தாழ 42 மீட்டரை, கூடுதலாகவும் சேர்க்கிறார்கள். கூட்டத்தில் வளைந்து நெளிந்து ஓடும் நாம் அதைவிட அதிகமாகவே ஓடுவோம். கோடு தாண்டும்போது கடிகாரம் 42.6, 42.7 என்று காட்டுவது சாதாரணம். எனவே சாலையோரக் கிலோமீட்டர் பலகைகளைக் கடக்கும்போது ஆகியிருக்கும் மொத்த நேரத்தைப் பாருங்கள்.

முதல் ஐந்து கிலோமீட்டரை 7 நிமிடம் 15 விநாடி வீதத்திலும், அதன்பின் சரியாக 7 நிமிடத்திலும் ஓடினால், 10ஆவது பலகையில் 1:11, பாதியில் 2:29, 30இல் 3:31 ஆகியிருக்கும். அங்கிருந்து கிலோமீட்டருக்கு 7 நிமிடம் 16 விநாடியாகத் தளர்ந்தாலும் ஐந்து மணி நேரத்துக்குள் முடித்துவிடலாம். வெயில் கடுமையாக இருந்தால் இந்த மூன்று நேரங்களையும் ஐந்து மணி நேர இலக்கையும் மறந்துவிட்டுப் பேசும் அளவுக்கு மூச்சு இருக்கும் வேகத்தில் ஓடுங்கள். அதையும் முந்தைய இரவே முடிவு செய்துகொள்ளுங்கள், ஏனென்றால் தொடக்கக் கோட்டில் நின்றுகொண்டு யாரும் இலக்கைக் குறைப்பதில்லை.

அந்த மூன்று நேரங்களையும் நீரில் அழியாத பேனாவால் முன்கையின் உட்புறம் எழுதிக்கொள்ளுங்கள். எந்தக் கையால் நெற்றி வியர்வையைத் துடைப்பீர்களோ, அந்தக் கையில் வேண்டாம்.