மருத்துவக் குறிப்பில் ‘கிஸ்ஸிங்’ என்று வந்தால் முத்தம் என்று போடலாமா?

பெயர்ப்பாளி கேட்டது:
நோயாளிகளுக்கான விளக்கக் குறிப்புகளைத் தமிழாக்க வேண்டியிருக்கிறது. மூலத்தில் கிஸ்ஸிங் டான்சில்ஸ், கிஸ்ஸிங் அல்சர், கிஸ்ஸிங் ஸ்பைன், கிஸ்ஸிங் பலூன், கிஸ்ஸிங் டிசீஸ், கிஸ்ஸிங் பக் என ஆறு இடத்தில் அந்தச் சொல். ‘முத்தப் புண்’ என்று எழுதினால், முத்தம் கொடுத்து வந்த புண் என்றுதான் படிக்கிறவர் நினைப்பார். ஆறுக்கும் பொருந்துகிற ஒரே சொல் உண்டா?

தொண்டைக்குழி:
இல்லை, தேடவும் வேண்டாம். நோயிலும் பூச்சியிலும் நிஜமாகவே வாய் சம்பந்தப்பட்டிருக்கிறது. மற்ற நான்கும் வெறும் உவமை, இரண்டு பொருள் ஒன்றையொன்று தொடுகின்றன, அவ்வளவுதான். அங்கே ‘முட்டும்’ என்று போடுங்கள். முத்துக்கும் முட்டுக்கும் ‘த்து’, ‘ட்டு’ என்பதுதான் வித்தியாசம்.

டான்சில்: இரு பக்கச் சதையும் வீங்கி நடுவில் முட்டிக்கொள்வது. தொண்டை வழியின் அகலத்தில் 75 சதவீதத்துக்கு மேல் அடைத்தால் 4ஆம் நிலை. குறட்டை, தூக்கத்தில் மூச்சு நின்று நின்று வருவது, விழுங்கச் சிரமம் ஆகியவற்றைக் குறிப்பில் சேருங்கள். டான்சிலை ‘உள்நாக்கு’ என்று மட்டும் எழுதிவிடாதீர்கள். பேச்சில் பலரும் அப்படிச் சொன்னாலும் உள்நாக்கு என்பது நடுவில் தொங்கும் சிறு சதை.

அல்சர்: முன்சிறுகுடலின் முன்சுவரில் ஒரு புண், நேர் எதிரே பின்சுவரில் இன்னொன்று. ‘எதிரெதிர்ப் புண்கள்’ போதும். இரண்டு சுவரையும் பெயர் சொல்லி எழுதுவது முக்கியம், ஏனென்றால் ஆபத்து வேறு வேறு. முன்சுவர்ப் புண் பெரும்பாலும் ஓட்டை விழும். பின்சுவர்ப் புண் அங்கே ஓடும் தமனியை அரித்து ரத்தம் கொட்ட வைக்கும்.

முதுகுத்தண்டு:
ஸ்பைன் விஷயத்தில் ஒன்றைக் கவனியுங்கள். முட்டுவது முதுகெலும்பின் உடல் பகுதி இல்லை. முதுகைத் தடவினால் கையில் தட்டுப்படுகிற பின்முள்கள். இடுப்புப் பகுதியில், குறிப்பாக 4ஆம் 5ஆம் எலும்புகளுக்கு நடுவில், அடிக்கடி வரும். பின்னால் வளைந்தால் வலி கூடும், முன்னால் குனிந்தால் குறையும். வட்டு (டிஸ்க்) விலகலில் பெரும்பாலும் இதற்கு நேர்மாறு, அதனால் இந்த வரியை விட்டுவிடாதீர்கள். 1933இல் இதை விவரித்த டென்மார்க் மருத்துவர் பெயரால் பாஸ்ட்ரப் நோய் என்றும் அறிக்கையில் வரும். பந்தயக் குதிரைகளுக்கும் இதே தொல்லை உண்டு, சேணம் உட்காரும் இடத்தில்.

பலூன் மட்டும் இந்தக் கூட்டத்தில் சேராது. மற்றவை கோளாறு, இது சிகிச்சை. இதய ரத்தக்குழாய் கவையாகப் பிரியும் இடத்தில் ஸ்டென்ட் வைத்து ஒரு கிளையில் மட்டும் பலூனை ஊதினால், ஸ்டென்ட் கோணலாகி மற்றக் கிளையின் வாய் குறுகக்கூடும். அதனால் இரண்டு கிளைகளிலும் ஒரே நேரத்தில் ஊதுவார்கள். ‘இணைப் பலூன்’ என்றால் புரியும். ‘முட்டும் பலூன்’ என்று எழுதினால் வெடித்துவிடுமோ என்று பயப்படுவார்கள்.

எச்சில்பண்டம்:
கிஸ்ஸிங் டிசீஸுக்கு வருவோம். அதை உண்டாக்கும் எப்ஸ்டைன்-பார் வைரஸ் எச்சிலில் இருக்கும், தொற்றி 4 முதல் 6 வாரம் கழித்தே காய்ச்சலும் தொண்டை வலியும் கழுத்தில் நெறிக்கட்டியும் தெரியும். முத்தம் கொடுத்தால்தான் என்றில்லை, ஒரே டம்ளரில் வாய் வைத்துக் குடித்தாலும் வரலாம். எனவே ‘எச்சில் காய்ச்சல்’ என்பதே சரி.

குறிப்பில் இரண்டு எச்சரிக்கை வேண்டும். தொண்டை வலிதானே என்று பென்சிலின் வகை மருந்தான அமாக்சிசிலின் கொடுத்தால் உடம்பெல்லாம் தடிப்பு வரலாம்; அதைப் பென்சிலின் ஒவ்வாமை என்று தப்பாக எழுதிவிடுவதுண்டு. மண்ணீரல் வீங்கியிருக்கலாம், அடிபட்டால் கிழியக்கூடும், அதனால் குறைந்தது 3 வாரம் கபடி, கால்பந்து கூடாது.

பெயர்ப்பாளி:
‘எச்சில்’ என்றால் தீட்டு வாடை அடிக்கிறதே. நோயாளியைத் தள்ளி வைக்கச் சொல்வதுபோல் ஆகிவிடாதா?

எச்சில்பண்டம்:
நியாயம்தான். தலைப்பில் ‘உமிழ்நீர்வழிக் காய்ச்சல்’ என்று வைத்து, விளக்கத்தில் மட்டும் ‘எச்சில்’ போடுங்கள்.

பூச்சிக்காரர்:
ஆறில் ‘முத்தம்’ நிற்கக்கூடிய ஒரே இடம் பூச்சிதான். ‘முத்தப்பூச்சி’ என்றே எழுதலாம். இரவில் தூங்குகிறவரின் முகத்தில், வாய் கண் ஓரங்களில் கடிப்பதால் அந்தப் பெயர். லத்தீன் அமெரிக்காவில் சாகஸ் நோயைப் பரப்புவது இது. 1909இல் பிரேசிலில் கார்லோஸ் சாகஸ் கண்டறிந்தார். தமிழாக்கத்தில் வழக்கமாகத் தவறுவது: ‘கடியால் பரவும்’ என்று எழுதிவிடுவார்கள். கிருமி பூச்சியின் எச்சத்தில் இருக்கிறது. பூச்சி ரத்தம் குடித்துவிட்டுப் பக்கத்திலேயே கழியும், நாம் சொறிந்து அதைக் கடிவாய்க்குள்ளோ கண்ணுக்குள்ளோ தேய்த்துக்கொள்கிறோம். ‘சொறியாமல் சோப்பு போட்டுக் கழுவவும்’ என்பது அதனால்தான்.

அச்சுக்கூடம்:
மருத்துவம் இல்லை, ஆனாலும்: குறிப்போடு ஸ்டிக்கர் அடிப்பதாக இருந்தால் அங்கேயும் ‘கிஸ் கட்’ வரும். மேல்தாள் மட்டும் வெட்டுப்பட்டு அடித்தாள் அப்படியே இருக்க வேண்டும். பிளேடு அழுத்தம் கூடினால் அடித்தாளும் சேர்ந்து வரும், குறைந்தால் உரியாது. கடையில் ‘ஹாஃப் கட்’ என்று கேளுங்கள், ‘முத்த வெட்டு’ என்றால் சிரிப்பார்கள்.

தொண்டைக்குழி:
ஹார்மோன் பக்கத்தில் ‘கிஸ்பெப்டின்’ வந்தால் தொடவே தொடாதீர்கள், ஒலிபெயர்ப்புதான். பருவமடைதலைத் தொடங்கிவைப்பதில் அதற்குப் பங்கு உண்டு, ஆனால் பெயர்க் காரணம் காதல் இல்லை. அதற்கான மரபணுவைக் கண்டுபிடித்த ஆய்வகம் அமெரிக்காவின் ஹெர்ஷி ஊரில் இருந்தது, அந்த ஊர்ச் சாக்லேட்டின் பெயர் ‘கிஸ்ஸஸ்’.