வயதானவர்கள் ஆள்கிறார்கள், சரி. முதியோருக்காகப் பேசுவது யார்?

பழைய தொலைபேசிக்காரர் கேட்டது:

எனக்கு 73 வயது. தொலைபேசி இணைப்பகத்தில் 34 வருடம் வேலை பார்த்தவன். போன மாதம் ஓர் அலுவலகத்தில் கைரேகை வைக்கச் சொன்னார்கள். ஏழு முறை வைத்தும் இயந்திரம் என்னை நான் என்று ஒப்புக்கொள்ளவில்லை. விரல் தேய்ந்துவிட்டது. "அப்போ செல்போனுக்கு வர்ற நம்பரைச் சொல்லுங்க" என்றாள் கவுன்டரில் இருந்த பெண். நான் கண்ணாடியைத் தேடி எடுத்து மாட்டுவதற்குள் அந்த எண்ணின் நேரம் முடிந்துவிட்டது. அவள் மேல் எனக்குக் கோபமில்லை. இந்த ஏற்பாட்டை முடிவு செய்த அறையில் எழுபது தாண்டிய ஆள் ஒருவர்கூட இருந்திருக்க மாட்டார், அவ்வளவுதான்.

நாட்டை ஆளும் இடத்தில் முதியோருக்கென்று தனிக்குரல் வேண்டாமா? உகாண்டா நாடாளுமன்றத்தில் 2021 தேர்தலிலிருந்து முதியோர் பிரதிநிதிகளுக்கு 5 இடங்கள் இருக்கின்றன. படித்ததும் ஆசையாக இருந்தது. மருமகளிடம் சொன்னால் சிரிக்கிறாள்: "மாமா, அங்கே ஏற்கெனவே பாதிப் பேர் கிழவர்கள்தானே!"

இரவுப்பறவை:

உங்கள் மருமகள் கட்சிதான் நானும். தப்பாக நினைக்காதீர்கள் ஐயா. பல நாடுகளில் இளைஞர்களைவிட முதியவர்கள்தான் தவறாமல் ஓட்டுப் போடுகிறார்கள். ஓய்வூதியத்தில் கை வைக்க எந்தக் கட்சிக்கும் தைரியம் கிடையாது. இதற்கு மேல் ஒதுக்கீடும் கொடுத்தால் வாடகை வீட்டில் இருக்கும் என் போன்றவனுக்காக யார் பேசுவது?

கணக்கு டீச்சர்:

தம்பி, எழுபது வயது அமைச்சருக்குக் கைரேகை விழவில்லை என்றால் உதவியாளர் ஓடி வருவார். அவர் வரிசையில் நின்றதே இல்லை. தலை நரைத்துவிட்டால் பிரதிநிதி ஆகிவிட முடியுமா?

ஆனால் தனிக் கட்சியில் எனக்கும் நம்பிக்கை இல்லை. இஸ்ரேலில் 2006 தேர்தலில் ஓய்வூதியர் கட்சி 120 இடங்களில் 7 பிடித்தது. பழைய கட்சிகள் மேல் வெறுத்துப்போன இளைஞர்களும் அதற்குக் குத்தினார்கள். ஆட்சியில் சேர்ந்தார்கள். 2009 தேர்தலில் ஓர் இடம்கூட இல்லை. காற்றடித்து வந்தது, காற்றோடு போனது.

எனக்குப் பிடித்தது வேல்ஸ் வழி. 2008 முதல் அங்கே முதியோர் ஆணையர் என்று ஒருவர் இருக்கிறார். 60 வயதும் அதற்கு மேலும் ஆனவர்களுக்காக, சட்டத்தின் பலத்தோடு. பொது அமைப்புகள் முதியோரை எப்படி நடத்துகின்றன என்று அவர் ஆராயலாம், தகவல் கேட்கலாம். டென்மார்க்கில் நகராட்சிதோறும் முதியோர் மன்றம் இருக்கிறது. 60 வயதும் அதற்கு மேலும் ஆனவர்கள் தேர்ந்தெடுப்பது. முதியோரைத் தொடும் எந்த முடிவுக்கும் முன்னால் நகராட்சி அந்த மன்றத்திடம் கருத்துக் கேட்டாக வேண்டும். உள்ளூர் ஏற்பாடுதான், ஆனால் அந்த 'முன்னால்' என்ற ஒரு சொல்லை அமைச்சகங்களுக்கும் கொண்டுபோனால் போதும் என்பேன்.

நைட் டியூட்டி:

முதியோர் இல்லத்தில் வேலை பார்க்கிறேன். ஒரு சந்தேகம். 62 வயதில் நடைப்பயிற்சி போகிறவரும் முதியோர். 88 வயதில் படுக்கையில் திரும்பிப் படுக்க ஆள் வேண்டியவரும் முதியோர். இடம் கொடுத்தால் அதில் போய் உட்காரப்போவது யார்? முதலாமவர்தான். என் வார்டிலிருந்து யாரும் வர மாட்டார்கள். ஆணையர் என்றால் அவராவது இங்கே வந்து பார்க்கலாம்.

பழைய தொலைபேசிக்காரர்:

நைட் டியூட்டி சொன்னதைப் படித்துவிட்டு நேற்று முழுக்க யோசனை. உண்மையைச் சொன்னால், 5 இடம் என்றதும் அதில் ஒன்றில் நானே உட்கார்ந்திருப்பதாகத்தான் கற்பனை செய்திருந்தேன். நானும் நடைப்பயிற்சிக்காரன்தான்.

இரவுப்பறவைக்கு: ஓய்வூதியத்தில் கை வைக்கப் பயப்படுகிறார்கள் என்பது சரி. அதைத் தவிர நாங்கள் வேறெதற்கும் வாய் திறக்கமாட்டோம் என்று அவர்களே முடிவு கட்டிவிட்டார்கள், அதுதான் சிக்கல். உலக அளவிலும் இதே கதைதான். குழந்தைகளுக்கு ஐ.நா. உடன்படிக்கை 1989-ல் வந்துவிட்டது, மாற்றுத்திறனாளிகளுக்கு 2006-ல். முதியோருக்கு 1991-ல் யாரையும் கட்டுப்படுத்தாத கோட்பாடுகளோடு நிறுத்திக்கொண்டார்கள். உடன்படிக்கை எழுதக் குழு அமைக்கவே 2025 ஆகிவிட்டது. அது வரும்போது நான் இருப்பேனோ என்னவோ.

அதனால் இடம் கேட்பதை விட்டுவிட்டேன், ஆணையர் கேட்கிறேன். அப்புறம் அமைச்சகத்துக்கு ஒரு கடிதமும் போகிறது: அந்தக் கைரேகை இயந்திரத்தை வாங்குவதற்கு முன்னால் எத்தனை எழுபது வயது விரல்களில் சோதித்தீர்கள் என்று. தட்டச்சு செய்து தருவது மருமகள். 'கிழவர்கள்' என்று சொன்னதற்கு அபராதம்.