சுவிஸ் பெண்கள் வாக்குரிமை: 1959, 1971, 1990 – எதைப் போடுவது?

கேள்வி:
ஐரோப்பாவில் பெண்கள் வாக்குரிமை பெற்ற ஆண்டுகளை அட்டவணையாகத் தொகுக்கிறேன். சுவிட்சர்லாந்துக்கு மட்டும் மூன்று ஆண்டுகள் கிடைக்கின்றன. எது சரி? பக்கத்து ஜெர்மனியில் 1918-லேயே வந்தது, இங்கே ஏன் இவ்வளவு தாமதம்?

மறுமொழி 1:
மூன்றும் சரிதான், உங்கள் அட்டவணையில்தான் கட்டம் போதவில்லை. கூட்டாட்சி, கன்டோன் என்று இரண்டாகப் பிரித்துவிடுங்கள். கன்டோன் என்பது நம்மூர் மாநிலம் மாதிரி.

ஜெர்மனியில் புரட்சி அரசு ஓர் அறிவிப்பிலேயே கொடுத்துவிட்டது. சுவிஸில் அரசியல் சட்டத்தைத் திருத்தப் பொதுவாக்கெடுப்பு கட்டாயம். மொத்த வாக்கிலும் பெரும்பான்மை வேண்டும், கன்டோன்களிலும் வேண்டும். அன்று ஓட்டுப் போட்டதோ ஆண்கள் மட்டும். 1959 பிப்ரவரி 1-இல் வேண்டாம் என்றவர்கள் 6,54,939 பேர், வேண்டும் என்றவர்கள் 3,23,727 பேர். 1971 பிப்ரவரி 7-இல் வேண்டும் 6,21,109, வேண்டாம் 3,23,882. பன்னிரண்டு ஆண்டில் கணக்கு அப்படியே தலைகீழ்!

1959-இல் தோற்ற அதே நாளில் வோ கன்டோன் ஆண்கள் தங்கள் கன்டோன் அளவில் உரிமை கொடுத்துவிட்டார்கள். ஆக வோ பெண்கள் கன்டோன் தேர்தலில் வாக்களிப்பார்கள், நாடாளுமன்றத் தேர்தலில் முடியாது. 1971 வரை இதே கூத்துதான்.

மறுமொழி 2:
இடையில் நடந்ததையும் சேருங்கள். பெண்களுக்கு வாக்கில்லாத நிலையை விதிவிலக்காக வைத்துக்கொண்டே ஐரோப்பிய மனித உரிமை உடன்படிக்கையில் கையெழுத்திட அரசு 1968-இல் திட்டமிட்டது. கொதித்தெழுந்த பெண்கள் 1969 மார்ச் 1-இல் பெர்னுக்குப் பேரணி போனார்கள். முன்னின்றவர் எமிலி லீபர்ஹெர்.

கேட்டவர்:
நன்றி. அப்போது 1990? நீதிமன்றம் புதுச் சட்டம் போட்டதா?

மறுமொழி 1:
இல்லை, பலரும் தவறாக எழுதுவது இதைத்தான். அப்பென்செல் இன்னர்ரோடன் என்ற கன்டோனின் ஆண்கள் 1990 ஏப்ரலில் திறந்தவெளிச் சபையில் கைதூக்கி, பெண்களுக்குக் கன்டோன் அளவிலான வாக்குரிமையை மறுபடி மறுத்தார்கள். வழக்கு கூட்டாட்சி உச்ச நீதிமன்றம் போனது. கூட்டாட்சி அரசியல் சட்டத்தில் 1981-இல் சேர்ந்த ஆண்-பெண் சமத்துவப் பிரிவு நீதிமன்றத்தின் கையில் இருந்தது. கன்டோன் அரசியல் சட்டத்தில் ஒரு எழுத்தையும் மாற்றாமல், அதில் வாக்காளரைக் குறிக்கும் சொற்களில் பெண்களும் அடக்கம் என்று நவம்பர் 27-இல் தீர்ப்பு.

மறுமொழி 3:
தேதியில் கவனம். தீர்ப்பு 1990, பெண்கள் முதலில் அந்தச் சபையில் கைதூக்கியது 1991 ஏப்ரலில். ஆண்களுக்கு இடுப்பில் தொங்கும் வாளே வாக்காளர் அடையாளம். பெண்கள் வாக்காளர் அட்டையைக் காட்டி உள்ளே போகிறார்கள்.