யுஎஸ்பி வைஃபை அடாப்டர் சிடி டிரைவாகத் தெரிகிறது, வைஃபை வரவில்லை: உதவி தேவை

கேள்வி

நண்பர்களுக்கு வணக்கம். என் மேசைக் கணினியில் வைஃபை வசதி இல்லை. இதுவரை ரூட்டருக்குப் பக்கத்திலேயே இருந்ததால் லேன் கேபிளை வைத்தே வேலை நடந்தது. கணினியை வேறு அறைக்கு மாற்றிய பிறகு கேபிள் இழுக்க வழியில்லாமல் போனதால், 2.4 கிகாஹெர்ட்ஸ், 5 கிகாஹெர்ட்ஸ் ஆகிய இரண்டு அலைவரிசைகளிலும் இயங்கும் சிறிய யுஎஸ்பி அடாப்டர் ஒன்றை வாங்கினேன். இயக்குதளம் 64 பிட் விண்டோஸ் 11.

அடாப்டரைச் செருகியதும் கணினி ஒரு முறை ஒலி எழுப்புகிறது, அத்துடன் சரி. டாஸ்க்பாரில் வைஃபை குறியீடு வரவில்லை, அடாப்டரின் விளக்கும் எரியவில்லை. ஆனால் 'திஸ் பிசி' சாளரத்தில் புதிதாக ஒரு சிடி டிரைவ் தோன்றுகிறது. என் கணினியில் சிடி டிரைவே கிடையாது என்பதால் இது எங்கிருந்து வந்தது என்று புரியவில்லை. பெட்டியின் மேல் 'டிரைவர் தேவையில்லை' (கருவியை இயக்க உதவும் மென்பொருள் வேண்டாம்) என்று அச்சிட்டிருக்கிறார்கள். உள்ளே வட்டு எதுவும் இல்லை. வேறு போர்ட்டில் செருகிப் பார்த்தேன், கணினியை மறுபடியும் இயக்கிப் பார்த்தேன், பலனில்லை. எல்லா டிரைவர்களையும் தானே தேடி நிறுவும் மென்பொருள்கள் சில இருப்பதாகக் கேள்விப்பட்டேன். அவற்றில் ஒன்றை நிறுவலாமா, அல்லது அடாப்டரே பழுது என்று திருப்பிக் கொடுத்துவிடலாமா?

முதல் பதில்

வணக்கம் ஐயா. திருப்பிக் கொடுக்க அவசரப்பட வேண்டாம். நீங்கள் சொல்வதைப் பார்த்தால் அடாப்டர் பழுதில்லை. அது தன் முதல் நிலையிலேயே நின்றுவிட்டது. இவ்வகை அடாப்டருக்குள் டிரைவர் கோப்புகளைத் தாங்கிய சிறு நினைவகம் ஒன்று உண்டு. செருகியவுடன் அது தன்னை ஒரு சிடி டிரைவ் என்றே கணினியிடம் சொல்லிக்கொள்ளும். அதிலிருந்து டிரைவர் நிறுவப்பட்ட பின்னரே அந்த வேடத்தைக் கலைத்துவிட்டு, வைஃபை கருவியாக இரண்டாம் முறை கணினிக்கு அறிமுகமாகும். பெட்டியில் 'டிரைவர் தேவையில்லை' என்று போட்டிருப்பதற்கு, டிரைவர் உள்ளேயே இருக்கிறது என்பதுதான் உண்மையான பொருள். அந்த வாசகத்தை நம்பிக் காத்திருந்து ஏமாந்தவர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன்.

'திஸ் பிசி' சாளரத்தில் அந்த சிடி டிரைவைத் திறந்து, உள்ளே இருக்கும் 'செட்டப்' கோப்பை இயக்குங்கள். அது பாதியில் நின்றாலோ பிழை காட்டினாலோ, டிரைவின் மேல் வலது கிளிக் செய்து 'எஜெக்ட்' கொடுங்கள். பெரும்பாலான அடாப்டர்களுக்கு அந்த ஒரு கட்டளையே வைஃபை நிலைக்கு மாறுவதற்கான சைகை. அதன் பிறகு ஸ்டார்ட் பொத்தானில் வலது கிளிக் செய்து டிவைஸ் மேனேஜரைத் திறந்தால், 'நெட்வொர்க் அடாப்டர்ஸ்' என்பதன் கீழோ, மஞ்சள் முக்கோணத்துடன் 'அதர் டிவைசஸ்' என்பதன் கீழோ புதிய பெயர் ஒன்று வந்திருக்க வேண்டும்.

அந்தப் பெயரை இருமுறை கிளிக் செய்து, 'டீட்டெய்ல்ஸ்' பகுதியில் 'ஹார்ட்வேர் ஐடீஸ்' என்பதைத் தேர்ந்தெடுத்து, விஐடி, பிஐடி என்ற இரண்டுக்கும் பின்னால் வரும் நான்கு நான்கு எழுத்துகளை இங்கே எழுதுங்கள். விஐடி சிப்பையோ கருவியையோ தயாரித்தவரைக் குறிக்கும் (0பிடிஏ என்றால் ரியல்டெக், 148எஃப் என்றால் ராலிங்க், 0இ8டி என்றால் மீடியாடெக்). பிஐடி எந்த மாதிரி என்பதைச் சொல்லும். பெட்டியில் உள்ள பெயரை வைத்து டிரைவர் தேடாதீர்கள் என்று நான் வற்புறுத்திச் சொல்வதற்குக் காரணம் உண்டு. ஒரே மாதிரிப் பெயரில் முதல் பதிப்பு, இரண்டாம் பதிப்பு என்று வரும் அடாப்டர்களில் உள்ளிருக்கும் சிப்பே வேறாக இருக்கலாம். வெளித்தோற்றத்தில் ஒரு வித்தியாசமும் தெரியாது. டிரைவர் பேசுவது சிப்புடன்தானே தவிர, பெட்டியுடன் அல்ல.

டிரைவர்களைத் தானே தேடித் தரும் மென்பொருள் எதையும் தயவுசெய்து நிறுவ வேண்டாம். அவை வேண்டாத நிரல்களைக் கூடவே இறக்குவதும், நன்றாக ஓடிக்கொண்டிருக்கும் வேறு டிரைவர்களை மாற்றிவிடுவதும் அடிக்கடி நடக்கிறது.

கேட்டவர்

விளக்கத்துக்கு மிக்க நன்றி ஐயா. 'செட்டப்' கோப்பு பாதியில் நின்றுவிட்டது. நீங்கள் சொன்னபடி 'எஜெக்ட்' கொடுத்ததும் சிடி டிரைவ் மறைந்து, கணினி இரண்டு முறை ஒலி எழுப்பியது. இப்போது 'அதர் டிவைசஸ்' என்பதன் கீழ் '802.11ஏசி என்ஐசி' என்ற பெயர் மஞ்சள் முக்கோணத்துடன் நிற்கிறது. அதைத் திறந்தால் 'கோட் 28' என்று காட்டுகிறது. விஐடி 0பிடிஏ, பிஐடி சி811. கணினியில் இணையமே இல்லாதபோது டிரைவரை எப்படி இறக்குவது என்பதுதான் இப்போதைய சிக்கல்.

முதல் பதில் தந்தவர்

பாதி வழி கடந்துவிட்டீர்கள். கோட் 28 என்றால் கருவி கணினிக்குத் தெரிகிறது, அதற்கான டிரைவர் மட்டும் நிறுவப்படவில்லை என்று பொருள். கோட் 10 என்றால் டிரைவர் இருந்தும் கருவி தொடங்க முடியவில்லை. கோட் 43 என்றால் கருவியே கோளாறு என்று தெரிவித்ததால் விண்டோஸ் அதை நிறுத்திவிட்டது. இந்த மூன்றில் நீங்கள் நிற்கும் இடம்தான் எளிதானது. உங்கள் எண்களுக்கு உரிய சிப் ஆர்டிஎல் 8811சியு வகையைச் சேர்ந்தது.

இணையத்துக்கு உங்கள் கைபேசியே போதும். சார்ஜ் செய்யும் யுஎஸ்பி கேபிளால் கைபேசியைக் கணினியுடன் இணைத்து, கைபேசி அமைப்புகளில் 'யுஎஸ்பி டெதரிங்' என்பதை இயக்குங்கள். ஆண்ட்ராய்டு கைபேசி என்றால் விண்டோஸ் அதைப் பொதுவாகக் கூடுதல் டிரைவர் கேட்காமலே ஒரு கம்பிவழி இணைப்பாக எடுத்துக்கொள்ளும். கேபிள் மின்சாரம் மட்டும் கடத்தும் வகையாக இருந்தால் இது நடக்காது. அப்போது வேறு கேபிளில் முயலுங்கள். இணைப்பு வந்ததும் அமைப்புகளில் 'விண்டோஸ் அப்டேட்', 'அட்வான்ஸ்ட் ஆப்ஷன்ஸ்', 'ஆப்ஷனல் அப்டேட்ஸ்' என்று உள்ளே சென்று பாருங்கள். அங்கே டிரைவர் பட்டியலில் இந்தச் சிப்புக்குரியது வந்திருந்தால் அதையே நிறுவுங்கள். வரவில்லையென்றால், அடாப்டரின் அடிப்பக்கத்தில் ஒட்டியிருக்கும் மாதிரி எண்ணையும் பதிப்பு எண்ணையும் சேர்த்துப் பார்த்து, தயாரிப்பாளரின் தளத்திலிருந்து 64 பிட் டிரைவரை இறக்கிக்கொள்ளுங்கள்.

கேட்டவர்

ஆப்ஷனல் அப்டேட்ஸ் பகுதியில் டிரைவர் இருந்தது. நிறுவி முடித்த அரை நிமிடத்தில் வைஃபை குறியீடு வந்துவிட்டது, அடாப்டரின் விளக்கும் சிமிட்டத் தொடங்கியது. மிகவும் மகிழ்ச்சி ஐயா.

ஆனால் புதிதாக ஒரு தொல்லை. கடவுச்சொல் கொடுத்ததும் இணைந்துவிடுகிறது, சில நேரம் அரை மணி வரை குறையின்றி ஓடுகிறது, பிறகு இணைப்பு இருப்பதாகவே காட்டிக்கொண்டு பக்கங்கள் எதுவும் திறப்பதில்லை. கொஞ்ச நேரத்தில் முழுவதுமாக அறுந்துபோய் மறுபடியும் இணைகிறது. அதே இடத்தில் கைபேசியில் வைஃபை தடையின்றி ஓடுகிறது. மேலும், பெட்டியில் 600 எம்பிபிஎஸ் என்று போட்டிருக்க, கணினி 72 எம்பிபிஎஸ் என்று மட்டுமே காட்டுகிறது.

முதல் பதில் தந்தவர்

முதலில் மின்சேமிப்பு அமைப்பைப் பாருங்கள். டிவைஸ் மேனேஜரில் அடாப்டரைத் திறந்து, 'பவர் மேனேஜ்மென்ட்' பகுதியில், மின்சாரத்தைச் சேமிக்க இந்தக் கருவியை அணைக்கக் கணினிக்கு அனுமதி தரும் குறியை எடுத்துவிடுங்கள். கன்ட்ரோல் பேனலின் 'பவர் ஆப்ஷன்ஸ்' பகுதியில் 'யுஎஸ்பி செலக்டிவ் சஸ்பெண்ட்' என்பதையும் நிறுத்துங்கள். இப்படி விட்டுவிட்டு அறும் இணைப்புக்கு இது அடிக்கடி காரணமாக இருப்பதுண்டு.

கேட்டவர்

இரண்டையும் செய்து ஒரு நாள் முழுவதும் பார்த்தேன். மாற்றம் இல்லை. கணினியில் வேலை செய்துகொண்டிருக்கும்போதே அறுகிறது என்பதால் மின்சேமிப்பு காரணமாக இருக்காது என்று தோன்றுகிறது.

இரண்டாம் பதில்

இருவருக்கும் வணக்கம். மேலே பேசியவற்றையெல்லாம் படித்தேன். ஒரு விவரம் மட்டும் விடுபட்டிருக்கிறது. அடாப்டரை எந்தப் போர்ட்டில் செருகியிருக்கிறீர்கள், அதன் பக்கத்துப் போர்ட்டில் என்ன இருக்கிறது?

இதைக் கேட்பதற்குக் காரணம், யுஎஸ்பி 3.0 இணைப்பில் தரவு ஓடும்போது எழும் மின்காந்த இரைச்சல் 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையின் மேலேயே விழுகிறது என்பதுதான். இன்டெல் நிறுவனம் 2012ஆம் ஆண்டிலேயே இதை அளந்து ஓர் ஆவணமாக வெளியிட்டது. யுஎஸ்பி 3.0 ஹார்ட் டிஸ்க் இயங்கும்போது அதன் அருகில் இரைச்சல் அளவு ஏறத்தாழ 20 டெசிபல் உயர்வதை அதில் காட்டியிருக்கிறார்கள். 20 டெசிபல் என்பது நூறு மடங்கு. பக்கத்தில் ஒருவர் உரக்கக் கத்திக்கொண்டிருக்கும்போது தொலைவில் இருப்பவர் பேசுவது காதில் விழாதது போல, ரூட்டரின் சைகை நல்ல வலுவுடன் வந்தாலும் அடாப்டரால் அதைப் பிரித்தெடுக்க முடியாமல் போகும். விரல்நுனி அளவே உள்ள அடாப்டர் என்றால் ஆன்டெனா போர்ட்டை ஒட்டியே இருக்குமாதலால் பாதிப்பு இன்னும் கூடுதல்.

வேகத்தைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். அந்த 600 என்பது 2.4 கிகாஹெர்ட்ஸில் 150, 5 கிகாஹெர்ட்ஸில் 433 என்ற இரண்டையும் கூட்டி மேல்நோக்கி முழுமைப்படுத்திய எண். அடாப்டர் ஒரு நேரத்தில் ஏதாவது ஒன்றில்தான் இணையும் என்பதால் 600 எப்போதும் கிடைக்காது. நீங்கள் பார்க்கும் 72 என்பது இவ்வகை அடாப்டருக்கு 2.4 கிகாஹெர்ட்ஸில் 20 மெகாஹெர்ட்ஸ் சேனல் அகலத்தில் கிடைக்கும் உச்ச அளவு. ஆகவே நீங்கள் இணைந்திருப்பது அந்த அலைவரிசையில்தான். கட்டளைத் திரையைத் திறந்து 'நெட்ஷ் டபிள்யூலேன் ஷோ இன்டர்ஃபேசஸ்' என்ற கட்டளையை, ஆங்கில எழுத்தில் (netsh wlan show interfaces), கொடுத்தால் சேனல் எண்ணும் சைகையின் விழுக்காடும் தெரியும். சேனல் 1 முதல் 13க்குள் இருந்தால் 2.4, அதுவே 36 அல்லது அதற்கு மேல் என்றால் 5 கிகாஹெர்ட்ஸ்.

கேட்டவர்

நீங்கள் கேட்ட பிறகுதான் குனிந்து பார்த்தேன். முன்பக்கத்தில் இரண்டு நீலநிற யுஎஸ்பி 3.0 போர்ட்டுகள் விரலிடை தூரத்தில் இருக்கின்றன. ஒன்றில் அடாப்டர், மற்றொன்றில் காப்பு நகல் எடுக்கும் வெளி ஹார்ட் டிஸ்க். அந்தக் கட்டளையைத் திரும்பத் திரும்பக் கொடுத்துக்கொண்டே டிஸ்கைக் கவனித்தேன். சேனல் 6, சைகை 80 விழுக்காட்டுக்கு மேல். டிஸ்கின் சிறு விளக்கு சும்மா நிலையாக எரியும்வரை பக்கங்கள் உடனுக்குடன் திறந்தன. நகல் எடுக்கும் பணி தொடங்கி அந்த விளக்கு படபடவென்று துடிக்க ஆரம்பித்ததும், சில நொடிகளில் பக்கங்கள் நின்றன. கொஞ்ச நேரத்தில் இணைப்பும் அறுந்தது. நகலை நிறுத்தினேன், தானாகவே திரும்பி வந்தது. மூன்று முறை செய்து பார்த்தேன், மூன்று முறையும் அப்படியே நடந்தது. அரை மணிக்கு ஒரு முறை என்று நான் நினைத்துக்கொண்டிருந்தது, அந்த நகல் பணி தொடங்கும் நேரம்.

இரண்டாம் பதில் தந்தவர்

அப்படியென்றால் காரணம் கையும் களவுமாகப் பிடிபட்டுவிட்டது. அடாப்டரைப் பின்பக்கத்தில் உள்ள கறுப்புநிற யுஎஸ்பி 2.0 போர்ட்டுக்கு மாற்றுங்கள். உங்கள் சிப் யுஎஸ்பி 2.0 வகை என்பதால் நீலப் போர்ட்டில் செருகுவதால் வேகம் கூடப் போவதில்லை. ஒரு மீட்டர் நீட்டிப்புக் கேபிளில் இணைத்து, கணினிப் பெட்டியின் இரும்புக்கு அப்பால், மேசை மேல் வையுங்கள். அதைவிட முக்கியமானது 5 கிகாஹெர்ட்ஸுக்கு மாறுவது. இந்த இரைச்சல் அங்கே எட்டாது. ரூட்டர் இரண்டு அலைவரிசைகளுக்கும் ஒரே பெயர் வைத்திருந்தால், டிவைஸ் மேனேஜரில் அடாப்டரின் 'அட்வான்ஸ்ட்' பகுதியில் 'பிரிஃபர்டு பேண்ட்' என்ற அமைப்பு இருக்கிறதா என்று பார்த்து, 5 கிகாஹெர்ட்ஸுக்கு முன்னுரிமை கொடுங்கள். அது இல்லையென்றால் ரூட்டரில் இரண்டுக்கும் தனித்தனிப் பெயர் வைத்துவிடலாம். சுவர்கள் பல குறுக்கிட்டால் மட்டும் 2.4 கிகாஹெர்ட்ஸே மேல்.

மூன்றாமவர்

இடையில் கேட்பதற்குப் பொறுத்துக்கொள்ளுங்கள். இதே சிப் கொண்ட அடாப்டர் என்னிடமும் இருக்கிறது, நான் லினக்ஸ் பயன்படுத்துகிறேன். அங்கும் சிடி டிரைவாகத்தான் நிற்கிறது.

முதல் பதில் தந்தவர்

2023 பிப்ரவரியில் வந்த கர்னல் (லினக்ஸின் மையப் பகுதி) 6.2 முதல் இந்தச் சிப்புக்கான டிரைவர் கர்னலிலேயே இருக்கிறது. சிடி நிலையிலிருந்து மாற்றுவதற்கு 'யுஎஸ்பி மோட்ஸ்விட்ச்' என்ற நிரலை நிறுவிக்கொள்ளுங்கள். 6.2க்கும் பழைய கர்னல் என்றால், டிரைவரைத் தனியாகத் தொகுத்து நிறுவுவதைவிடக் கர்னலைப் புதுப்பிப்பதே நல்லது. தனியாகத் தொகுத்தது அடுத்த கர்னல் புதுப்பிப்பில் மறுபடியும் உடைய வாய்ப்புண்டு.

கேட்டவர்

நீட்டிப்புக் கேபிள் போட்டு, பின்பக்கப் போர்ட்டுக்கு மாற்றினேன். 'பிரிஃபர்டு பேண்ட்' அமைப்பு இருந்தது, மாற்றிவிட்டேன். இப்போது சேனல் 44, வேகம் 390 எம்பிபிஎஸ் வரை காட்டுகிறது. நேற்று ஹார்ட் டிஸ்க் மூன்று மணி நேரம் தொடர்ந்து நகல் எடுத்தபோதும் இணைப்பு ஒரு முறைகூட அறவில்லை. பொறுமையாக வழிகாட்டிய இருவருக்கும் மனமார்ந்த நன்றி. டிரைவர் கோப்பைத் தயாரிப்பாளரின் தளத்திலிருந்தும் இறக்கி ஒரு பென்டிரைவில் வைத்துவிட்டேன். சிப்பின் பெயரையும் அந்த இரண்டு எண்களையும் ஒரு துண்டுச்சீட்டில் எழுதி, அடாப்டர் வந்த பெட்டிக்குள் போட்டிருக்கிறேன்.