முகப்பிலிருந்து பின்கட்டு வரை: முதுகுத்தண்டுச் சுருக்கம், நாங்கள் பட்டது

கானாடுகாத்தான், ஓய்வுபெற்ற ஆசிரியை, வயது 67

எங்கள் வீடு ஒரு தெருவில் தொடங்கி அடுத்த தெருவில் முடியும். முகப்பு, வளவு, இரண்டாங்கட்டு, அடுப்படி, பின்கட்டு. கல்யாணமாகி வந்த நாளிலிருந்து தினம் எத்தனை தடவை அந்த நீளத்தை நடந்திருப்பேனோ, கணக்கில்லை. மூன்று வருஷத்துக்கு முன் வளவைத் தாண்டும்போது தொடை கனக்க ஆரம்பித்தது. போகப் போக இரண்டாங்கட்டுக்குள் நுழையும்போதே இரண்டு கெண்டைக்காலும் மதமதத்துவிடும். தூணைப் பிடித்துக் குனிந்து நிற்பேன். சிறிது நேரத்தில் தெளியும். மறுபடி நடப்பேன்.

வலியைவிட, யாரும் நம்பாததுதான் என்னை வருத்தியது. கொட்டான் (ஓலைப் பெட்டி) முடைய உட்கார்ந்தால் இரண்டு மணி நேரம் குனிந்தபடி ஓலை பின்னுவேன், ஒன்றும் செய்யாது. அடுப்படியில் பத்து நிமிஷம் நின்றால் கால் என்னுடையதாகவே இருக்காது. "ஓலை பின்ன முடியுது, ஒரு குழம்பு வைக்க முடியலையா?" என்று வீட்டிலேயே கேட்டார்கள். குன்றக்குடியில் படியேறி முருகனைப் பார்த்துவிட்டேன். இறங்கும்போது பாதிப் படியில் உட்கார்ந்துவிட்டேன். அதற்கும் ஒரு பேச்சு.

மதுரையில் பார்த்த நரம்பு அறுவை மருத்துவர் நான் சொல்வதற்கு முன்பே கேட்டார்: "குனிஞ்சா சுகமா இருக்கா? ஏறுறதைவிட இறங்குறது கஷ்டமா?" முதுகெலும்புக்குள் நரம்புகள் இறங்கி வரும் பாதை வயதாக ஆகக் குறுகுகிறதாம். பின்பக்கத் தசைநார் தடிக்கிறது, பக்கத்து மூட்டுகள் பருக்கின்றன, முன்னாலிருந்து எலும்புகளுக்கு நடுவே உள்ள ஜவ்வு பிதுங்குகிறது. நிமிர்ந்து நின்றால் அந்தத் தசைநார் மடிந்து நரம்பை நெருக்கும், குனிந்தால் இழுபட்டு இடம் விடும். படியேறும்போது உடம்பு முன்னால் சாய்கிறது, இறங்கும்போது பின்னால் சாய்கிறது. அவ்வளவுதான் விஷயம். வெளியே வந்து காரில் உட்கார்ந்து அழுதேன். நான் நடிக்கவில்லை என்று ஒருவர் சொல்லிவிட்டார்.

எம்.ஆர்.ஐ.யில், இடுப்புப் பக்கத்தில் எல் 4, எல் 5 என்கிற முதுகெலும்புகளுக்கு நடுவே பாதை 8 மி.மீ. என்று வந்தது. 10-க்குக் கீழே என்றாலே கடுமையான சுருக்கம் என்பார்கள். பயந்துபோனேன். பிறகு படித்தேன்: 1990-இல் வெளியான ஓர் ஆய்வில், எந்தத் தொந்தரவும் இல்லாதவர்களை எம்.ஆர்.ஐ. எடுத்துப் பார்த்ததில், 60 வயதைக் கடந்தவர்களில் ஐந்தில் ஒருவருக்கு இதே சுருக்கம் இருந்திருக்கிறது. அப்படியானால் மில்லிமீட்டரை மட்டும் பார்த்து ஆபரேஷனுக்குப் போக முடியாது.

இப்போது என் குழப்பம் இது. ஒரு மருத்துவர், நரம்புக்கு இடம் விட்டு, எலும்பை ஸ்க்ரூ போட்டு இணைக்கவும் வேண்டும் என்கிறார். இன்னொருவர், இடம் விட்டால் போதும் என்கிறார். குனிந்தும் நிமிர்ந்தும் எடுத்த எக்ஸ்ரேயில் எனக்கு எலும்பு நகரவில்லை. 2016-இல் ஸ்வீடனில் 247 பேரை வைத்துப் பார்த்த ஆய்வில், ஸ்க்ரூ போட்டு இணைத்தவர்கள் இரண்டு வருஷம் கழித்து மற்றவர்களைவிட நன்றாக இல்லை. அதனால் என் மனசு இரண்டாமவர் பக்கம் சாய்கிறது. பட்டவர்கள் சொல்லுங்கள்.

காரைக்குடி, அப்பச்சியைக் கவனிக்கும் மகன்

ஆச்சி, எங்கள் அப்பச்சிக்கு முதுகில் ஸ்டீராய்டு ஊசி போட்டோம். பீமரத சாந்தி (எழுபது வயதுச் சடங்கு) வைத்திருந்தோம், அன்றைக்கு அவர்கள் மணையில் உட்கார்ந்து எழுந்து எல்லாம் செய்ய வேண்டும். ஐந்து வாரம் நன்றாக நடந்தார்கள். பிறகு பழையபடி. சர்க்கரை உள்ளவர்கள், நான்கைந்து நாள் அளவு 300-ஐத் தாண்டியது. 2014-இல் அமெரிக்காவில் 400 பேருக்கு ஊசி போட்டுப் பார்த்ததில், ஸ்டீராய்டு சேர்த்ததற்கும் வெறும் மரப்பு மருந்துக்கும் ஆறாவது வாரத்தில் பெரிய வித்தியாசம் இல்லையாம். அந்த ஒரு நாளுக்காகப் போட்டோம், வருத்தமில்லை. தீர்வு என்று நினைத்துத் திரும்பத் திரும்பப் போட மாட்டேன்.

தேவகோட்டை, ஓய்வுபெற்ற பஸ் கண்டக்டர், வயது 72

எனக்கும் நடந்தால் கெண்டைக்கால் பிடிக்கும். முதுகுதான் என்று எட்டு மாதம் பெல்ட் போட்டேன். கடைசியில் கேட்டார்கள், "உட்கார்ந்தா போகுதா, சும்மா நின்னாலே போகுதா?" நின்றாலே போகும். சைக்கிள் மிதித்தாலும் பிடிக்கும். பாதத்தில் நாடி கிடைக்கவில்லை. கையிலும் கணுக்காலிலும் ரத்த அழுத்தம் பார்த்து, இது நரம்பு இல்லை, ரத்தக்குழாய் அடைப்பு என்றார்கள். முப்பது வருஷத்து பீடி. முதுகுச் சுருக்கம் உள்ளவர்கள் ஹேண்டில்பாரில் சாய்ந்து சைக்கிள் சுகமாக ஓட்டுவார்களாம், நிற்பது மட்டும் போதாதாம், குனியவோ உட்காரவோ வேண்டுமாம். முதுகுக்குச் செலவு செய்யுமுன் பாதத்தில் நாடி பார்க்கச் சொல்லுங்கள்.

ராயவரம், மகள்

இதை எழுதக் கை வரவில்லை, ஆனாலும் எழுதுகிறேன். எங்கள் ஆத்தாவுக்கு இதே நோய் நாலு வருஷமாக. போன சித்திரையில் ஒன்றரை நாள் நீர் பிரியவில்லை. வெயில் சூடு என்று இளநீரும் நீர்மோரும் கொடுத்தோம். உட்காருமிடம் மரத்துப்போனதை ஆத்தா வெட்கப்பட்டுச் சொல்லவில்லை, கால் துவண்டபோதுதான் சொன்னார்கள். திருச்சிக்குக் கொண்டுபோனோம், அன்று இரவே ஆபரேஷன். கால் பாதி வந்தது. சிறுநீருக்கு இன்றும் குழாய்தான். நீர் அடைத்தாலோ, தெரியாமல் போனாலோ, உட்காருமிடம் மரத்தாலோ மறுநாள் என்று வைக்காதீர்கள், அந்த மணி நேரமே கிளம்புங்கள். பாதம் தூக்க வராமல் தரையில் இழுபட்டாலும் உடனே காட்டுங்கள். அம்மாக்களிடம் இதைப் பச்சையாகக் கேளுங்கள், அவர்களாகச் சொல்ல மாட்டார்கள்.

காரைக்குடி, கல்யாணச் சமையல், வயது 58

ஆச்சி, நான் ஆபரேஷன் செய்துகொண்டவன், ஸ்க்ரூ இல்லாமல். விறகடுப்புப் பக்கத்தில் ஐந்து நிமிஷம் நிற்க முடியாமல் போய், இரண்டு கல்யாணத்தை வேறு ஆளுக்குக் கைமாற்றிவிட்ட பிறகுதான் ஒத்துக்கொண்டேன். அதற்கு முன் ஆறு மாதம் பிசியோதெரபி, மாத்திரை எல்லாம் பார்த்தாகிவிட்டது. முதலமைச்சர் காப்பீட்டு அட்டையில் செய்தார்கள். அந்த மருத்துவமனையில் அட்டை செல்லுமா, முன் அனுமதி வந்துவிட்டதா என்று சேருமுன்பே கேட்டுக்கொள்ளுங்கள்.

மறுநாளே நடக்க வைத்தார்கள். கால் கனம் போயே போய்விட்டது. ஆனால் இடுப்பு வலி காலையில் இருக்கத்தான் செய்கிறது, இடது கட்டைவிரல் மரப்பும் போகவில்லை. டாக்டர் முன்பே சொன்னார், "இது உங்க காலுக்கு, இடுப்புக்கு இல்லை." அதைப் புரிந்துகொண்டு போனதால் மனசு உடையவில்லை. மூன்று மாதம் அண்டா தூக்கவில்லை. இப்போது உயரமான முக்காலியில் சாய்ந்துகொண்டு பக்குவம் சொல்கிறேன், கரண்டி பையன்கள் கையில்.

கானாடுகாத்தான்

எல்லாருக்கும் நன்றி. ராயவரத்துப் பெண்ணே, உன் பதிவை வீட்டில் எல்லாரையும் உட்கார வைத்துப் படித்தேன். கண்டக்டர் அண்ணன் சொன்னபடி பாதத்தில் நாடி பார்த்தாயிற்று, நன்றாக இருக்கிறது.

பன்னிரண்டு வாரம் பிசியோதெரபி முடித்தேன். மல்லாந்து படுத்து முழங்காலை நெஞ்சுக்கு இழுப்பது, வயிற்றுத் தசைக்கான பயிற்சி, வீட்டுச் சைக்கிள். சக்கரம் வைத்த வாக்கரும் வாங்கிவிட்டேன், முன்னால் சாய்ந்து தள்ளுவதால் தெருவில் ஊருணிவரை போக முடிகிறது. முன்பு இரண்டாங்கட்டில் நின்ற கால் இப்போது பின்கட்டுவரை போய்த் திரும்புகிறது. நோட்டில் தினமும் எழுதுகிறேன். தை பிறக்கும்போது இதே அளவு இருந்தால் அப்படியே இருப்பேன். பழையபடி இரண்டாங்கட்டோடு நின்றால் ஸ்க்ரூ இல்லாத ஆபரேஷனுக்குத் தேதி வாங்குவேன்.

சமையல் தம்பி, ஒன்று கேட்கிறேன். எங்கள் வீட்டில் குளியலறைக்குப் போக நாலு நிலைப்படி தாண்ட வேண்டும், எல்லாம் பழைய உயரம். ஆபரேஷன் ஆன புதிதில் தாண்ட முடிந்ததா?

காரைக்குடி, கல்யாணச் சமையல்

முடிந்தது ஆச்சி. முதல் பத்து நாள் ஒருவர் கையைப் பிடித்துக்கொண்டுதான். எங்கள் வீட்டில் ஆசாரியை வைத்து இரண்டு பக்கமும் சரிவுப் பலகை அடித்தோம். நீங்கள் போகுமுன்பே அடித்துவையுங்கள், வாக்கருக்கும் ஆகும்.