கடற்கரை சைட்ல கம்யூனிகேஷன் எர்ரர்: வேலை பார்த்தவங்க அனுபவத்தைச் சொல்லுங்க

உச்சிப்புளி எலக்ட்ரீஷியன்

தங்கச்சிமடம் பக்கம் தூண்டில் வளைவுக்கு, அதான் கடலுக்குள்ள போடுற கல் தடுப்புக்கு, கல் போட்டுக்கிட்டிருந்த செயின் வண்டி (எக்ஸ்கவேட்டர்). கல்லைத் தூக்கிட்டுச் சுத்தும்போது ஒரு உதறல் விழும்ல, அப்போ மானிட்டர் அணைஞ்சு இன்ஜின் ஐட்லிங்குக்கு விழுந்துரும். எர்ரர் கோடு வழக்கமான 639, எஃப்.எம்.ஐ 9, அதாவது கன்ட்ரோலருங்களுக்குள்ள தகவல் சரியா வரலன்னு அர்த்தம். எனக்கு முன்னாடி வந்தவர் லேப்டாப் மாட்டிப் பாத்துட்டு இன்ஜின் கன்ட்ரோலர் போச்சுன்னு சொல்லிட்டார். ஓனர் வட்டிக்கு வாங்கிப் புதுசு போட்டிருக்கார். அப்புறமும் அதே கோடு.

சாவியை எடுத்து, பேட்டரியை கட் பண்ணி, லேப்டாப் மாட்டுற 9 பின் கப்ளர்ல சி பின்னுக்கும் டி பின்னுக்கும் மீட்டர் வச்சேன். கன்ட்ரோலருங்க ஒண்ணோட ஒண்ணு பேசிக்கிற கேன் லைனோட மஞ்சள், பச்சை ஒயர் ரெண்டும் அங்கதான் வரும். 60 ஓம். லைனோட ரெண்டு முனையிலயும் 120 ஓம் ரெசிஸ்டர் சரியா இருந்தா வர வேண்டிய அளவு. ஆபரேட்டர் தம்பியை மீட்டரைப் பாத்துக்கிட்டே இருக்கச் சொல்லிட்டு, ஹார்னஸை (ஒயர் கட்டை) ஒவ்வொரு கிளாம்பா அசைச்சுக்கிட்டே வந்தேன். கேபினுக்கு அடியில வளையுற இடத்துல கை வச்சதும் "அண்ணே, 120 அண்ணே!"ன்னு கத்துறான். கையை எடுத்தா மறுபடி 60. அசைச்சா லைன் அறுந்து, ஒரு முனை ரெசிஸ்டர்தான் மீட்டருக்குத் தெரியுது.

டேப்பைப் பிரிச்சா மஞ்சள் ஒயர் பளபளன்னு இருக்கு, ஒரே ஒரு ஊசி ஓட்டை. பிளேடால கீறினேன். உள்ள செம்புக்குப் பதிலா பச்சைப் பொடி, உள்ளங்கையில கொட்டுது. ரெண்டு மூணு இழைதான் ஒட்டிக்கிட்டு நின்னுச்சு. எவரோ எப்பவோ டெஸ்ட் லாம்ப் ஊசியைக் குத்திப் பாத்துட்டு அப்படியே விட்டுட்டுப் போயிருக்காங்க. அந்த ஓட்டை வழியா உப்புக்காத்து உள்ள போய் ஒயரையே தின்னுருச்சு.

கழட்டிப் போட்ட பழைய கன்ட்ரோலர் நல்ல சாமான். அது டூல் பாக்ஸுல சும்மா கெடந்ததுதான் எனக்கு இன்னும் ஆறல. ஒயரைக் குத்தாதீங்கய்யா.

தொண்டி ஆபரேட்டர்

எல்லாத்துக்கும் ஊசி மேல பழியப் போடாதீங்கண்ணே. வாலிநோக்கம் பக்கம் உப்பு அள்ளுற லோடர் ஓட்டினேன். அதுல ஒயரை யாரும் தொட்டதே இல்ல. விடியக்காலம் ஸ்டார்ட் பண்ணா எர்ரர், கியர் விழாது. வெயில் ஏறினா தானா சரியாயிரும். கச்சான் காத்து அடிக்கிற மாசத்துல குறையும், வாடைக் காத்துல ஈரம் ஏறினா தினமும் தகராறு.

சீட்டுக்குப் பின்னாடி இருந்த கப்ளரைப் பிடிச்சு இழுத்தேன், தண்ணி வழிஞ்சுச்சு. விரல்ல தொட்டு நாக்குல வச்சேன். கரிச்சுது. சாயங்காலம் சாயங்காலம் பிரஷர் அடிச்சுக் கழுவுறோம்ல, அந்த போர் தண்ணியே இங்க உப்புதானே! கப்ளர்ல காலியா இருக்கிற ஓட்டைக்குப் போடுற அடைப்பான் ஒண்ணு காணோம், அது வழியாப் போயிருக்கு. தண்ணி காஞ்சாலும் உப்பு உள்ளயே நிக்கும், ராத்திரி ஈரத்தை இழுத்துத் திரும்பவும் கசிய ஆரம்பிச்சிரும். எலக்ட்ரீஷியன் அண்ணன் சொல்ற ஊசி ஓட்டை பத்துல ஒண்ணு. மிச்சம் எல்லாம் வாட்டர் வாஷ்தான்.

பரமக்குடி ஸ்கேனர்

என் கேஸ் தேவிபட்டினத்துல. கடன் குடுத்த பார்ட்டி வண்டில ஜி.பி.எஸ் பாக்ஸ் மாட்டி, அதோட ஒயரைக் கேன் லைன்லயே முறுக்கி டேப் சுத்தியிருந்தாங்க. 60 வர வேண்டிய இடத்துல 40 ஓம். அந்த பாக்ஸுக்குள்ள மூணாவதா ஒரு 120 இருந்திருக்கு. கழட்டின நிமிஷமே கோடு போயிருச்சு. அவ்வளவுதான்.

ஆனா எலக்ட்ரீஷியன் எழுதினதைப் படிச்சா ஓம்ஸ் பாத்துட்டா வேலை முடிஞ்சுதுங்கிற மாதிரி தெரியுது, அதனால சொல்றேன். முதல்ல கரன்ட்டும் எர்த்தும் பாருங்க. கன்ட்ரோலருக்கு 24 வோல்ட் லோடுல வருதா, எர்த் போல்ட்டுக்கு அடியில துரு இருக்கா. எர்த் சரியில்லாத கன்ட்ரோலர் லைன்ல பேசாது, பழி கேன் மேல விழும். அடுத்து சாவி ஆன்ல, எர்த்துல இருந்து சி பின்ல 2.6 வோல்ட் பக்கம், டி பின்ல 2.4 பக்கம் வரணும். ஒண்ணு சைபர்னா பாடியில தொடுது, 24 வந்தா பக்கத்து ஒயரோட சேந்திருச்சு. அதுலயும் மாட்டலன்னா கன்ட்ரோலரை ஒவ்வொண்ணா கழட்டிப் பாருங்க. எதைக் கழட்டினா மத்ததெல்லாம் பேச ஆரம்பிக்குதோ, அங்கதான் கோளாறு.

ஜாயின்ட் போடும்போது மஞ்சளையும் பச்சையையும் முறுக்கியே போடுங்க. வெளி இரைச்சல் ரெண்டுலயும் ஒண்ணா விழுந்து கழிஞ்சு போறதுக்குத்தான் அந்த முறுக்கு. கிளை ஒயர் ஒரு மீட்டரைத் தாண்டக்கூடாது. புளிச்ச வாசம் வர்ற சிலிகானை கப்ளர்ல அடைக்காதீங்க, அந்த ஆசிட் செம்பை அரிச்சிரும். சால்டரும் வேணாம், அதிர்வுல ஓரத்துல முறியும். கிரிம்ப் பண்ணி (குழாய்ல ஒயரை வச்சு அழுத்தி), உள்பக்கம் பசை இருக்கிற, சூடு காட்டினா சுருங்குற ஹீட் ஸ்லீவ் போடுங்க. 2025ல திறந்த புதுப் பாம்பன் ரயில் பாலத்துக்கே துருப்பிடிக்காத ஸ்டீல் கம்பியும் பாலிசிலாக்ஸேன் பெயின்ட்டும் போட்டிருக்காங்க. இந்தக் காத்துல வெறும் இன்சுலேஷன் டேப் எந்த மூலைக்கு?

மண்டபம் வண்டிக்காரர்

சார், வெல்டிங்கைப் பத்தி யாருமே பேசலையே? பக்கெட் பல்லு உடைஞ்சுதுன்னு சைட்ல வெல்டரைக் கூப்பிட்டிருக்காங்க. பேட்டரி கட் பண்ணல. எர்த் கிளாம்பை செயின்ல மாட்டிட்டு பக்கெட்ல பத்த வச்சிருக்காங்க. நான் போனப்போ மானிட்டர்ல எழுத்தே இல்ல, கேபினுக்குள்ள கருகின வாசம். கன்ட்ரோலர் ரெண்டும் போச்சு. பத்த வைக்கிற இடத்துக்குப் பக்கத்துலயே எர்த் மாட்டணும், கன்ட்ரோலர் கப்ளரைக் கழட்டிடணும்னு ஒரு அட்டையில எழுதி இப்ப எல்லா கேபின்லயும் ஒட்டியிருக்கேன்.

உச்சிப்புளி எலக்ட்ரீஷியன்

ஸ்கேனர் சார், கிரிம்ப் சரி, ஏத்துக்கிறேன். வோல்ட்டேஜ் விஷயத்துல ஒத்துக்க மாட்டேன். மீட்டர் காட்டுறது சராசரிதான். என் வண்டி நின்னுக்கிட்டிருக்கும்போது 2.6, 2.4 சுத்தமா காட்டுச்சு. உதறல்ல ஒரு நொடி அறுந்து சேர்றதை அது எங்க காட்டும்? அசைச்சுப் பாத்தாத்தான் மாட்டும்.

தொண்டி தம்பி, அடைப்பான் போனா அந்த அளவுக்கே தனியா கிடைக்கும். எம்சீல் வச்சு அடைச்சிராதீங்க, அடுத்த தடவை பின்னைக் கழட்ட முடியாது.