பைப் ஆர்கனின் ‘ஸ்டாப்’: நிறுத்தியா, மடையா?

> ‘ஸ்டாப்’புக்கு ‘நிறுத்தி’ என்றே வைத்துக்கொள்ளலாமே. எளிதாகவும் இருக்கிறது.

ஐயா, வணக்கம்.

‘நிறுத்தி’ வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன். சேலத்தில் எங்கள் சபை மலருக்காக நெதர்லாந்தின் ஹார்லெம் ஊரிலுள்ள பெரிய ஆலயத்து பைப் ஆர்கனைப் பற்றி, அதாவது துருத்திக் காற்றால் குழல்களை ஒலிக்கவைக்கும் பெரிய இசைக்கருவியைப் பற்றி, எழுதிக்கொண்டிருக்கிறேன். கிறிஸ்டியன் முல்லர் 1738இல் செய்து முடித்தது; 1766இல் பத்து வயது மோட்சார்ட் வந்து வாசித்தது. மூன்று அடுக்குக் கட்டைகள், 60க்கும் மேற்பட்ட ஸ்டாப்புகள் (எந்தக் குழல்கள் ஒலிக்க வேண்டும் என்று தேர்ந்தெடுக்கும் குமிழ்கள்), ஏறக்குறைய 5,000 குழல்கள். குழல், துருத்தி, ஆர்மோனியக்காரர்கள் சொல்லும் கட்டை எல்லாம் நம்மிடமே இருக்கின்றன. ஸ்டாப்புக்குத் தமிழ்ச் சொல் தேடித்தான் நான்கு நாளாகத் தடுமாறுகிறேன்.

ஸ்டாப் குமிழை வெளியே இழுத்தால் ஒலிக்கு வழி பிறக்கிறது, ஒலி நிற்பதில்லை. ஆதியில் ஒரு கட்டையை அழுத்தினால் அதற்குரிய குழல்கள் அத்தனையும் சேர்ந்து முழங்கும். சில வரிசைகளுக்கு மட்டும் காற்றை அடைக்கும் வழி பிறகுதான் வந்தது. அந்த அடைப்பின் பெயர் நிலைத்துவிட்டது. போதாததற்கு, தலை மூடிய குழலையும் ஆங்கிலத்தில் ‘ஸ்டாப்டு’ என்பார்கள். திறந்த 8 அடிக் குழல் தரும் சுருதியை மூடிய குழல் 4 அடியிலேயே தந்துவிடும். இரண்டையும் ‘நிறுத்தி’ என்றால் படிப்பவருக்கு எது எதுவென்று விளங்காது.

உள்ளே நடப்பது இதுதான். காற்றுப்பெட்டியின் மேல் குழல்கள் வரிசையாக நிற்கின்றன. ஒவ்வொரு வரிசையின் அடியிலும் துளையிட்ட ஒரு நீளப் பலகை. குமிழை இழுத்தால் பலகை நகர்ந்து, அதன் துளைகள் குழல்களின் காலடிக்கு நேராக வருகின்றன. காற்றுக்கு வழி கிடைத்துவிட்டது. இனி கட்டையை அழுத்த வேண்டியதுதான்.

நான் மூக்கனேரிப் பக்கம் வளர்ந்தவன். சேர்வராயன் மலைத் தண்ணீர் ஏரியில் நிற்கும். எந்த வாய்க்காலுக்கு விட வேண்டுமோ அந்த மடையைத் திறப்பார்கள். ஆர்கனில் நடப்பதும் அதேதான். அதனால் ‘மடை’ என்கிறேன். 8 அடி மடை, 4 அடி மடை. எல்லாவற்றையும் இழுத்துவிட்டு வாசித்தால் மடை திறந்தாற்போல என்று தயங்காமல் எழுதலாம்.

> தம்பி, மடை தண்ணீருக்கு உரியது, இங்கே ஓடுவது காற்று. ‘குழல் வரிசை’ என்றாலே போதாதா? (ஏற்காட்டிலிருந்து)

அக்கா, வரிசை வேறு, மடை வேறு. ‘மிக்ஸ்சர்’ என்று ஒரு வகை உண்டு: ஒரே குமிழை இழுத்தால் மூன்று, நான்கு குழல் வரிசைகள் சேர்ந்து ஒலிக்கும். அதைக் ‘கூட்டு மடை’ என்றால் எண்ணிக்கை குழம்பாது. குழல் வரிசையை அந்தப் பெயரிலேயே வைத்துக்கொள்வோம்.

தண்ணீர் என்றீர்கள். கி.மு. 3ஆம் நூற்றாண்டில் அலெக்சாந்திரியாவில் தெசிபியஸ் செய்த முதல் ஆர்கனில் காற்றின் அழுத்தம் சீராக இருக்க உதவியதே தண்ணீர்தான். கிரேக்கர்கள் அந்தக் கருவிக்குப் பெயர் வைத்ததும் தண்ணீரைக் கொண்டே. காற்றுக்கு மடை என்பது அந்நியமில்லை அக்கா.

அப்புறம், ஹார்லெம் ஆர்கனில் காலால் வாசிக்கும் கட்டைகளுக்கு 32 அடி மடையும் உண்டு. அதன் அடிச்சுருதி நொடிக்கு ஏறக்குறைய 16 அதிர்வுதான். அந்தக் கட்டைகளுக்கு இப்போதைக்கு ‘மிதிகட்டை’ என்று எழுதியிருக்கிறேன். தறிக்குழியில் கால் மிதிப்பதைப் பார்த்தவர்கள் இதைவிடப் பொருத்தமான சொல் தெரிந்தால் சொல்லுங்கள்.